காட்டு விலங்குகளுக்குத் தானே பரவும் தடுப்பூசிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானே பரவும் தடுப்பூசி என்றால் என்ன?

வழக்கமான தடுப்பூசி, அதைப் பெற்றுக்கொண்ட உடலோடு நின்றுவிடுகிறது. பத்து விலங்குகளுக்குப் போட்டால் அந்தப் பத்துக்குத்தான் பாதுகாப்பு. தானே பரவும் தடுப்பூசி இந்த எல்லையைத் தாண்டும்படி உருவாக்கப்படுகிறது. சில விலங்குகளுக்கு மட்டும் கொடுத்து விட்டுவிட்டால், அவை கூட்டத்தோடு நெருங்கி உறங்கும்போதும், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போதும், கடித்துச் சண்டையிடும்போதும், இணைசேரும்போதும் மருந்து மற்றவற்றுக்கும் போய்ச் சேர்கிறது. பெரும்பாலான திட்டங்களில் அந்த மருந்து என்பது உயிருள்ள ஒரு வைரஸ்தான். நோய் உண்டாக்காத, அல்லது மிக இலேசாக மட்டுமே உண்டாக்கும் வைரஸ். மற்ற விலங்குகளுக்கு ஊசியின்றியே போய்ச் சேரும் ஒன்றைத் தடுப்பூசி என்று அழைப்பது சற்று விநோதமானதுதான். ஆனாலும் எல்லோருக்கும் பழகிய சொல் என்பதால் இங்கும் அப்படியே எழுதப்படுகிறது.

காட்டு விலங்குகளுக்குத் தடுப்பூசி போட வேண்டிய தேவை என்ன?

மனிதர்களைத் தாக்கும் புதிய தொற்றுகளில் பெரும்பான்மையானவை விலங்குகளிடமிருந்து வருபவை. அந்த விலங்கிடத்திலேயே நோயை அடக்கிவிட்டால் மனிதனை வந்தடையும் வழி குறுகும். இரண்டாவது காரணம் விலங்குகளின் நலனே. வட அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட வெண்மூக்கு நோய் என்னும் பூஞ்சைத் தொற்று, குளிர்காலத்தில் குகைகளில் உறங்கும் வௌவால்களை லட்சக்கணக்கில் கொன்றிருக்கிறது. அங்கே காப்பாற்றப்பட வேண்டியது வௌவால்தான், மனிதன் அல்ல.

சாதாரணத் தடுப்பூசியையே காட்டில் கொடுக்க முடியாதா?

சில விலங்குகளுக்கு முடியும். அதற்குச் சிறந்த சான்று ஐரோப்பிய நரிகள். 1978ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில், ரேபிஸ் தடுப்பு மருந்து வைக்கப்பட்ட கோழித் தலைகள் நரிகள் நடமாடும் இடங்களில் போடப்பட்டன. பின்னர் இந்த இரைகள் தொழிற்சாலைகளில் தயாரிக்கப்பட்டு விமானங்களிலிருந்து தூவப்பட்டன. தொடர்ந்து பல ஆண்டுகள் இதைச் செய்ததன் விளைவாக, மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து நரி ரேபிஸ் நீங்கியது. இந்த மருந்து நரியிலிருந்து நரிக்குப் பரவுவதில்லை. நரி தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு வாழ்வது, கீழே கிடக்கும் இறைச்சியைத் தேடித் தின்பது, எண்ணிக்கையில் மிக அதிகமாக இல்லாதது ஆகியவை இந்தத் திட்டத்துக்குத் துணைநின்றன.

எலிகளிடம் இந்தக் கணக்கு எடுபடாது. மேற்கு ஆப்பிரிக்காவில் லாசா காய்ச்சலைப் பரப்பும் எலியை எடுத்துக்கொள்வோம். அது வீடுகளுக்குள்ளேயே வாழ்கிறது, ஓர் ஈற்றில் பல குட்டிகளை ஈனுகிறது, பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டி உயிர் வாழ்வதில்லை. இந்த ஆண்டு பாடுபட்டு எதிர்ப்பாற்றல் ஏற்றிய எலிகள் அடுத்த ஆண்டு இருப்பதில்லை. அவற்றின் இடத்தில் எதிர்ப்பாற்றல் இல்லாத புதிய தலைமுறை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து தொடங்கும் இந்த வேலைக்கு எந்த நாட்டின் நிதியும் போதாது. தரையில் கிடக்கும் இரையையே தின்னாத வௌவால்களின் நிலையும் இதுபோன்றதே.

நோய் பரப்பும் விலங்குகளைக் கொன்று குறைத்துவிடலாமே?

தென் அமெரிக்காவில் இரத்தம் உண்ணும் வௌவால்கள் கால்நடைகளுக்கும் மனிதர்களுக்கும் ரேபிஸைக் கடத்துகின்றன. இரத்தம் உறையாமல் தடுக்கும் நஞ்சைப் பசையாக்கி, பிடிபட்ட சில வௌவால்களின் முதுகில் தடவி விடுவது அங்கே பல பத்தாண்டுகளாக உள்ள வழக்கம். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும் பழக்கத்தால் நஞ்சு மற்றவற்றுக்கும் பரவி அவையும் இறக்கும். வௌவால் கடி குறைகிறது என்பது உண்மையே. ஆனால் பெரு நாட்டில் நடந்த ஆய்வுகளில், கொன்று குறைத்த கூட்டங்களில் ரேபிஸ் குறைந்ததாகத் தெரியவில்லை. குடியிருப்பு கலைக்கப்பட்டால் எஞ்சியவை வேறு கூட்டங்களைத் தேடிப் பறக்கின்றன. காலியான இடத்துக்கு வெளியிலிருந்து புதியவை வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் நோய் மேலும் பரவக்கூடும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. கொல்வதற்காகக் கண்டுபிடித்த அதே பசை உத்திதான் பின்னாளில் காப்பதற்கான உத்தியாக ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. அது அடுத்த பதிலில் வருகிறது.

இவற்றில் வகைகள் உண்டா?

உண்டு. இந்தத் துறையைப் பற்றிய விவாதங்களில் பாதிக் குழப்பம் இந்த வகைகளைப் பிரித்துப் பாராததால் வருவது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வகை கைமாறும் தடுப்பூசி. மருந்தைப் பசையாக்கி ஒரு வௌவாலின் உடலில் தடவினால், அதை நக்கும் மற்ற வௌவால்களுக்கும் மருந்து சேரும். அங்கே பரவல் நின்றுவிடும். நக்கிய வௌவாலிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாகப் போகாது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பெருவின் வௌவால் கூட்டங்களில் மருந்துக்குப் பதிலாக ஒளிரும் சாயம் கலந்த களிம்பைத் தடவி, அது எத்தனை வௌவால்களின் உடலில் போய்ச் சேர்ந்தது என்று மயிர் மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டார்கள். தடவப்பட்ட ஒவ்வொரு வௌவாலும் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட வேறு வௌவால்களுக்கு அதைக் கொண்டுசேர்த்திருந்தது. வெண்மூக்கு நோய்க்கு அமெரிக்காவில் சோதிக்கப்பட்டுவரும் தடுப்பு மருந்தையும் இப்படித் தடவியோ தெளித்தோ கொடுக்க முயல்கிறார்கள்.

மற்ற இரண்டு வகைகளும் உண்மையிலேயே தொற்றும் வைரஸ்கள். தடுப்பூசி பெற்ற ஒரு விலங்கு சராசரியாக எத்தனை புதிய விலங்குகளுக்கு அதைக் கடத்துகிறது என்னும் எண்ணே இவற்றைப் பிரிக்கிறது. அந்த எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் பரவல் மெல்ல மெல்லத் தேய்ந்து அணைந்துவிடும். இது மெலிதாகப் பரவும் வகை. ஒன்றுக்கு மேலே இருந்தால், யாரும் மறுபடி கொடுக்காமலேயே அது கூட்டத்தில் நிலைத்துவிடக்கூடும். இது வலுவாகப் பரவும் வகை.

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். எண் 0.5 என்றால், 100 விலங்குகளுக்குக் கொடுத்த மருந்து முதலில் 50க்கும், அவற்றிடமிருந்து 25க்கும் என்று பரவி, மொத்தம் சுமார் 200 விலங்குகளைச் சென்றடையும். எண் 0.8 என்றால் மொத்தம் 500. 0.9 என்றால் 1,000. ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ள விலங்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் இவை குறையும். ஆனாலும் தானே அணைந்துவிடும் ஒரு மருந்துகூட வேலையை ஐந்தில் ஒன்றாகவோ பத்தில் ஒன்றாகவோ குறைத்துவிடும் என்பது இதில் தெரிகிறது. என் கருத்தில் இந்த நடுவகைதான் மிகுந்த கவனத்துக்குரியது. விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

கூட்டத்தில் எத்தனை விலங்குகளுக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் நோய் நிற்கும்?

அது நோயைப் பொறுத்தது. ஒரு நோயுற்ற விலங்கு சராசரியாக 2 விலங்குகளுக்கு நோயைக் கடத்துமானால் பாதிக் கூட்டத்துக்கும், 4க்குக் கடத்துமானால் முக்கால் பங்குக்கும் எதிர்ப்பாற்றல் இருக்க வேண்டும். வேகமாகப் பரவும் நோய்க்கு இந்த அளவு மேலும் கூடும். குறுகிய ஆயுளுள்ள விலங்குகளில் இந்த அளவை எட்டுவதைக் காட்டிலும் அதைத் தக்கவைப்பதே கடினம்.

இத்தகைய வைரஸை எப்படி உருவாக்குகிறார்கள்?

பழைய வழி, நோய் உண்டாக்கும் வைரஸையே வீரியம் குறைத்துப் பயன்படுத்துவது. மனிதர்களுக்கான சொட்டு மருந்துப் போலியோ தடுப்பூசி அப்படிப்பட்டது. இன்று பெரிதும் பேசப்படும் வழி வேறு. அந்த விலங்கினத்தில் ஏற்கெனவே பெருங்கேடு செய்யாமல் சுற்றிவரும் ஒரு வைரஸைத் தேர்ந்தெடுத்து, தடுக்க வேண்டிய நோய்க்கிருமியின் மரபணு ஒன்றை அதில் செருகுகிறார்கள். அந்த வைரஸ் பரவும்போது, நோய்க்கிருமியின் ஒரு துண்டை மட்டும் உடலுக்கு அடையாளம் காட்டிக்கொண்டே பரவும். உடல் அந்தத் துண்டுக்கு எதிராகப் பழகிக்கொள்ளும். முழு நோய்க்கிருமியும் அங்கே இல்லாததால், அது மறுபடியும் பழைய நோயாகத் திரும்ப வழியில்லை.

இப்படிச் சுமக்கும் வேலைக்கு ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸ்கள் விருப்பமான தேர்வு. இவை ஒவ்வொரு விலங்கினத்துக்கும் தனித்தனியாக அமைந்தவை. எலியினுடையது எலியோடும் குரங்கினுடையது குரங்கோடும் நிற்கும். டி.என்.ஏ. வைரஸ்கள் என்பதால் மெதுவாக மாறுகின்றன. உடலில் வாழ்நாள் முழுவதும் தங்குகின்றன. ஏற்கெனவே இதே வைரஸ் தொற்றியிருக்கும் விலங்கிலும் மறுபடி தொற்றக்கூடியவை என்பது இவற்றின் முக்கியமான சிறப்பு. இல்லாவிட்டால், ஏறத்தாழ எல்லா விலங்குகளிடமும் உள்ள ஒரு வைரஸைச் சுமையாளாகத் தேர்ந்தெடுப்பதில் பயனிருக்காது. எபோலா வைரஸின் ஒரு பகுதியைச் சுமந்த எலி சைட்டோமெகலோ வைரஸ், சோதனைக்கூட எலிகளை எபோலாவிலிருந்து காத்ததாக 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த எலிகளுக்கு மருந்து நேரடியாகச் செலுத்தப்பட்டது என்பதை இங்கே சேர்த்துச் சொல்வதே நேர்மை. காப்பது ஒன்று, பரவுவது வேறொன்று.

இதுவரை எங்காவது வெளியில் விட்டுப் பார்த்திருக்கிறார்களா?

மரபணு மாற்றிய வைரஸைப் பொறுத்தவரை, பெரிதும் மேற்கோள் காட்டப்படும் களச்சோதனை ஸ்பெயினில் நடந்தது. அங்கே காட்டு முயல்களை இரண்டு நோய்கள் அழித்துவந்தன. ஒன்று மிக்சோமா வைரஸால் வரும் மிக்சோமாட்டோசிஸ், மற்றொன்று 1984இல் சீனாவில் முதன்முதலாக அறியப்பட்டுப் பின் ஐரோப்பா முழுவதும் பரவிய முயல் இரத்தக்கசிவு நோய். முயல் குறைந்தால் வேட்டைக்காரர்களுக்கு மட்டும் இழப்பில்லை. ஐபீரிய லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனையும் ஸ்பானிய ராஜாளியும் முயலையே முதன்மை உணவாகக் கொண்டவை.

வீரியம் குறைந்த ஒரு மிக்சோமா வைரஸில் இரத்தக்கசிவு வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவைச் செருகி, இரு நோய்களையும் ஒருசேரத் தடுக்கும் வைரஸை ஸ்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். 1999இல் மெனோர்கா தீவுக்கு அருகிலுள்ள இஸ்லா தெல் ஐரே என்னும் சிறு தீவில் அது சோதிக்கப்பட்டது. தீவின் பரப்பு 34 ஹெக்டேர். முயல்கள் சுமார் 300. அவற்றில் 76 முயல்களைப் பிடித்து ஊசி போட்டு விட்டார்கள். ஊசி பெற்ற முயல்களிடம் இரண்டு நோய்களுக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாயின. ஊசி பெறாத முயல்களிலும் ஏறத்தாழ பாதியில் அவை காணப்பட்டன. தீய விளைவு எதுவும் தென்படவில்லை.

இது வெற்றியா? கோட்பாடு நடைமுறையில் இயங்குகிறது என்பதற்கு இது சான்று, அதில் ஐயமில்லை. ஆனால் அளவாகவே பரவிய ஒரு வைரஸைச் சிறு தீவில் குறுகிய காலம் கவனித்த சோதனை அது. பல தலைமுறை முயல்களில், பல ஆண்டுகளில், பெருநிலத்தில் அந்த வைரஸ் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு அந்த 34 ஹெக்டேரில் விடை கிடைக்காது. அந்த மருந்து விற்பனைக்கான அனுமதியை எட்டவில்லை.

தீவில் சோதித்தால் ஆபத்தில்லை, அல்லவா?

தீவு நல்ல வேலிதான். ஆனால் மூடிய கதவு அல்ல. மேலே சொன்ன முயல் இரத்தக்கசிவு வைரஸையே, முயல்களை ஒழிக்கும் நோக்கத்துடன் ஆஸ்திரேலியா தன் வார்டாங் தீவில் தனிமைப்படுத்திச் சோதித்துவந்தது. 1995இல் அது தீவைத் தாண்டிப் பெருநிலத்துக்கு வந்துவிட்டது. பறக்கும் ஈக்கள் கொண்டுவந்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. நியூசிலாந்து அதே வைரஸை இறக்குமதி செய்ய மறுத்தது. ஆனால் 1997இல் அங்கே அது சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டுப் பரவியது.

இரண்டாவது நிகழ்ச்சியே என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ஈ கடல் தாண்டுவதை ஓரளவு கணக்கிடலாம். பயனுள்ளது என்று ஒருவர் நம்பும் வைரஸ் பக்கத்து நாட்டில் பரவிக்கொண்டிருக்கும்போது, அதைச் சீசாவில் அடைத்து எடுத்துவரத் துணியும் மனிதரைக் கணக்கிட எந்தச் சூத்திரமும் இல்லை. ஆஸ்திரேலியா கொல்ல விரும்பிய அதே முயலை ஸ்பெயின் காக்க விரும்பியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. முயலைக் காக்கும் வைரஸ் ஐரோப்பாவுக்கு வரம். முயல்களால் புல்வெளிகளை இழந்துவரும் நாட்டுக்கு அது சாபம்.

இந்த வைரஸ் மாறிவிடாதா?

மாறும். பெருகும் எந்த வைரஸும் மாறும். கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பக்கமாக மாறும் என்பதே.

வீரியம் குறைத்த வைரஸ் என்றால், இழந்த வீரியத்தை மீண்டும் பெறும் பக்கமாக மாறக்கூடும். இதில் மனிதகுலத்துக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. சேபின் உருவாக்கிய போலியோ சொட்டு மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸ், மருந்து பெற்ற குழந்தையின் மலத்தில் வெளியேறிச் சுற்றியுள்ளவர்களுக்கும் போகும். பல இடங்களில் இது நன்மையாகவே அமைந்தது. மருந்து கிடைக்காத குழந்தைகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் தடுப்பூசி பெற்றவர்கள் குறைவாக உள்ள சமூகங்களில் அது ஆளுக்கு ஆள் நீண்ட காலம் பரவும்போது, கைகால்களை முடக்கும் ஆற்றலை மீண்டும் பெற்றுவிடுகிறது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஹைட்டியிலும் டொமினிக்கன் குடியரசிலும் இப்படி நோய் வெடித்தது. இரண்டாம் வகை இயற்கைப் போலியோ ஒழிந்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டபின், அந்த வகையை 2016 ஏப்ரலில் உலகெங்கும் வழக்கமான சொட்டு மருந்திலிருந்து நீக்கினார்கள். ஆனால் தடுப்பூசியிலிருந்து கிளைத்த அந்த வகை வைரஸ் அதற்குப் பின்னும் பல நாடுகளில் நோயை உண்டாக்கியது. எளிதில் பழைய நிலைக்குத் திரும்பாதபடி மரபணுவைத் திருத்திய புதிய சொட்டு மருந்துக்கு 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பயன்பாட்டு ஒப்புதல் கிடைத்தது. ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டுபிடிக்கும் உலகளாவிய கண்காணிப்பு இருந்தும் மனிதர்களிடத்தில் இந்தப் பாடு. காட்டில் ஓர் எலியின் கால் முடங்கினால் அதை யார் பதிவு செய்கிறார்கள்?

மரபணு செருகிய வைரஸ் என்றால் கதை மறுபக்கம் திரும்புகிறது. செருகிய மரபணு வைரஸுக்கு எந்த நன்மையும் செய்யாத ஒரு சுமை. பெருகும்போது தற்செயலாக அதை உதிர்த்துவிடும் பிரதிகள் இலேசாகி, சற்று வேகமாகப் பெருகி, காலப்போக்கில் சுமைதூக்கும் பிரதிகளை ஓரங்கட்டிவிடும். விளைவு ஆபத்தில்லை, பயனின்மை: எப்போதும் சுற்றிவந்த வைரஸே மறுபடியும் சுற்றிவரும். இந்தச் சுமை உதிரும் வரைக்குமான காலத்துக்குள் நோயை அடக்கிவிட முடியுமா என்பதே ஆய்வாளர்களின் கணக்கு. ஆஸ்திரேலியாவில் எலிகளை மலடாக்குவதற்காக ஒரு மரபணுவைச் செருகிய எலி சைட்டோமெகலோ வைரஸ், செலுத்தப்பட்ட எலிகளை மலடாக்கியது. ஆனால் எலிக்கு எலி பரவுவதில் தோற்றது. தானாகவே நன்றாகப் பரவும் ஒரு வைரஸ், கை வைத்ததும் பரவ மறுப்பது இந்தத் துறையில் அரிதல்ல.

வேறு விலங்கினங்களுக்குத் தாவுமா?

இனத்துக்கு இனம் தனித்தமைந்த வைரஸைத் தேர்ந்தெடுப்பதன் நோக்கமே இதைத் தவிர்ப்பதுதான். இருந்தாலும் மிக்சோமாவின் வரலாறு எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. ஐபீரிய ஹேர் என்னும் வேறொரு முயலினத்தைத் தாக்காததாகவே பல பத்தாண்டுகள் கருதப்பட்ட மிக்சோமா வைரஸ், 2018இல் ஸ்பெயினில் அந்த இனத்தைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. வேறொரு அம்மை வகை வைரஸிடமிருந்து மரபணுத் துண்டு ஒன்றைப் பெற்றுக்கொண்ட புதிய மிக்சோமா அது. இது முற்றிலும் இயற்கையாக நேர்ந்தது. 1999ஆம் ஆண்டுத் தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும், ஒரு வைரஸ் இந்த இனத்தோடு நிற்கும் என்பது இதுவரை கண்டதன் தொகுப்பே, இனிமேலும் அப்படியே என்பதற்கான உறுதிமொழி ஆகாது.

ஒருமுறை விட்டுவிட்டால் திரும்பப் பெற முடியுமா?

கைமாறும் வகையில் திரும்பப் பெறத் தேவையே இல்லை. கொடுப்பதை நிறுத்தினால் போதும். மெலிதாகப் பரவும் வகையும் தானே அணையும். ஆனால் மாறிய ஒரு பிரதியின் பரவல் எண் ஒன்றைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு உண்டு. வலுவாகப் பரவும் வகையைத் திரும்பப் பெற இன்று வழியில்லை.

லாசா காய்ச்சலுக்கு என்ன முயற்சி நடக்கிறது?

1969இல் நைஜீரியாவின் லாசா ஊரில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்ற இந்தக் காய்ச்சல், எலியின் சிறுநீராலும் எச்சத்தாலும் மாசடைந்த உணவு, பொருட்கள் வழியாக மனிதர்களுக்கு வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆண்டுதோறும் 1 லட்சம் முதல் 3 லட்சம் பேர் வரை தொற்றுக்குள்ளாவதாகவும் சுமார் 5,000 பேர் இறப்பதாகவும் நெடுங்காலமாக மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு ஒன்று உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர் ஆய்வு முகமையான டார்பா 2018இல் தொடங்கிய திட்டம் ஒன்றின்கீழ், அந்த எலியின் சொந்த சைட்டோமெகலோ வைரஸைச் சுமையாளாக்கி லாசா தடுப்பூசி உருவாக்கும் ஆய்வுக்கு நிதி கிடைத்தது. இடாஹோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட் நுயிஸ்மர், ஜேம்ஸ் புல் போன்றோர் பரவலின் கணிதத்தை வகுத்திருக்கிறார்கள். நிதி கொடுத்தது ஓர் இராணுவ முகமை என்பதே பலருடைய ஐயத்துக்குக் காரணமாயிற்று. அந்த ஐயத்தை வெறும் புரளி என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல.

வௌவால் ரேபிஸுக்கு?

இரத்தம் உண்ணும் வௌவால்களிடமே இயல்பாகச் சுற்றிவரும் ஒரு ஹெர்பிஸ் வகை வைரஸைச் சுமையாளாகப் பயன்படுத்தலாம் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் டேனியல் ஸ்டிரைக்கரும் அவருடைய குழுவினரும் முன்வைத்திருக்கிறார்கள். வௌவால்களிடமிருந்து எடுத்த மாதிரிகளில் அந்த வைரஸின் மரபணுக் கிளைகளைப் பின்தொடர்ந்து, அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணக்கிட்டு, அதன் அடிப்படையில் 2023இல் ஒரு மாதிரிக் கணிப்பை வெளியிட்டார்கள். மிகச் சில வௌவால்களுக்குக் கொடுத்தாலே ஒரு கூட்டத்தின் பெரும்பங்குக்குப் பாதுகாப்பு கிட்டக்கூடும் என்பது அதன் முடிவு. இது கணிப்பே, மருந்து வெளியில் விடப்படவில்லை. மருந்தை உருவாக்குவதற்கு முன்பே, அதைச் சுமக்கப்போகும் வைரஸ் இயற்கையில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிடும் இந்த வரிசைமுறை பாராட்டத்தக்கது.

இதை ஆயுதமாக மாற்ற முடியாதா?

இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. 2001இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், எலிகளை மலடாக்கும் முயற்சியின் ஒரு பகுதியாக எலியம்மை வைரஸில் இன்டர்லூக்கின்-4 என்னும் நோயெதிர்ப்புச் சமிக்ஞைக்கான மரபணுவைச் செருகினார்கள். எதிர்பாராத விதமாக அந்த வைரஸ், இயல்பாகவே எலியம்மையைத் தாங்கும் எலிகளையும், தடுப்பூசி பெற்றிருந்த எலிகளில் பலவற்றையும்கூடக் கொன்றது. நல்ல நோக்கத்துடன் கற்றுக்கொண்டது தீய கைக்கும் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

2022 ஜனவரியில் ஃபிலிப்பா லென்ட்சோஸ், கை ரீவ்ஸ் முதலான அறிஞர்கள் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், தானே பரவும் வைரஸ்களைச் சூழலில் விடுவதில்லை என்று அறிவியல் உலகம் கட்டிக்காத்த நெறி அரிக்கப்பட்டுவருவதாக எச்சரித்தார்கள். பரவும் வைரஸை எப்படித் திறம்படப் பரவச் செய்வது என்ற அறிவையே இந்த ஆய்வுகள் வளர்க்கின்றன என்பது அவர்களின் முதன்மையான கவலை. ஆய்வை ஆதரிப்பவர்களோ, வெளியில் விடுவதற்கு முன்னர் கட்டுக்குள் ஆராய்ந்து பார்ப்பதால்தான் ஆபத்து எது என்றே தெரியவரும் என்கிறார்கள். இரண்டு கூற்றுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதே இங்குள்ள சிக்கல்.

அனுமதி கொடுக்க வேண்டியவர் யார்?

மரபணு மாற்றிய உயிரிகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் கார்ட்டஹேனா உயிரிப் பாதுகாப்பு நெறிமுறை 2003இல் நடைமுறைக்கு வந்தது. 1975இல் நடைமுறைக்கு வந்த உயிரி ஆயுத உடன்படிக்கையும் உண்டு. ஆனால் முன்னது, பெரும்பாலும் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குத் தெரிந்தே அனுப்பும் விதையையும் உயிரியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வௌவாலுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. ஒரு நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தன் நாட்டுக்குள் விற்கப்படும் மருந்தின் தரத்தைச் சோதிக்கும். அந்த மருந்து தானாகப் பறந்துபோய்ச் சேரும் அண்டை நாட்டின் ஒப்புதலைப் பெறும் கடமை அதற்கு இல்லை. என் கருத்தில், வலுவாகப் பரவும் வகையைப் பொறுத்தவரை, அந்த விலங்கினம் வாழும் எல்லா நாடுகளின் ஒப்புதலும் இல்லாமல் ஒன்றைக்கூட வெளியில் விடக் கூடாது. அது நடைமுறையில் ஏறத்தாழத் தடையாகவே முடியும் என்றால், முடியட்டும்.

நோயை நீக்கினால் விலங்குகள் அளவுக்கு மீறிப் பெருகிவிடாதா?

பெருகக்கூடும், அது எப்போதும் தீமையாக இருக்க வேண்டியதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளியில் 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.5 லட்சமாக இருந்த நூ என்னும் காட்டு மான் இனம், ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய் நீங்கியபின் 1970களின் இறுதிக்குள் 10 லட்சத்தைத் தாண்டியது. புல் மேயப்பட்டதால் காட்டுத்தீ குறைந்தது, மரங்கள் மீண்டன. இதில் கவனிக்க வேண்டியது, அந்த நோயை நீக்கக் காட்டு விலங்கு ஒன்றுக்குக்கூடத் தடுப்பூசி போடத் தேவைப்படவில்லை என்பதே. சுற்றியிருந்த மாடுகளுக்குப் போட்டார்கள். நோய் மாடுகளிடமிருந்தே காட்டுக்குள் வந்துகொண்டிருந்ததால் அது போதுமானதாக இருந்தது. தானே பரவும் தடுப்பூசியைப் பற்றி யோசிப்பதற்கு முன், நோய் உண்மையில் எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. லாசாவைப் பொறுத்தவரை அது எலியிடமே தங்கியிருக்கிறது, ஆகவே இந்தக் குறுக்குவழி அங்கே இல்லை.

இப்போது காட்டில் காணும் முயலோ வௌவாலோ இத்தகைய தடுப்பூசி பெற்றதாக இருக்குமா?

இருக்காது. மரபணு மாற்றிய, தானே பரவும் தடுப்பூசி எதற்கும் இதுவரை எந்த நாட்டிலும் பொதுப் பயன்பாட்டுக்கான உரிமம் வழங்கப்படவில்லை. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ காட்டு வழியில் கிடக்கும் ரேபிஸ் இரையைக் கண்டால், அது தின்ற விலங்கோடு நிற்கும் பழைய வகை மருந்தே. அதிலும் உயிருள்ள வைரஸ் இருப்பதால் வெறுங்கையால் தொட வேண்டாம். கை பட்டுவிட்டால் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைக்கவும்.